முழு ஒதுக்கீடு

19-2-2000, சனி

தாலுகா அலுவலகத்தில் பட்டா முகாம். நூற்றுப் பதினான்கு மனுக்கள். பன்னிரண்டு வரிச் செய்தி அனுப்பினேன்.

மாலையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். மணிக்கு அறுபது ரூபாய். 'பந்தல் டாட் காம்' என்ற சென்னைக் கம்பெனி ஏப்ரலில் பங்கு வெளியிடப்போகிறது. சிறிய ஊர்களில் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதச் சொல்லி, எங்கள் பத்திரிகையின் வணிகப் பக்கத்தைப் பார்க்கும் ஸ்ரீகுமார் கேட்டிருந்தான். ஒரு மணி நேரத்தில் எட்டுப் பக்கங்கள் திறந்தன. யார் வேண்டுமானாலும் பெயரைப் பதிந்து, படம் ஒட்டி, முன்பின் தெரியாதவர்களோடு அரட்டை அடிக்கலாம். ஒரு பெண் தன் பூனையின் படத்தைப் போட்டிருந்தாள். அதன் கீழே நாற்பத்தொரு பேர் ஏதேதோ எழுதியிருந்தார்கள். கட்டணம் கிடையாது. மூன்று லட்சம் உறுப்பினர்களாம்.

வருமானம் எங்கிருந்து வரும் என்று கம்பெனிக்கே போன் செய்து கேட்டேன். உறுப்பினர்கள்தான் சொத்து என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

27-2-2000, ஞாயிறு

கட்டுரை ஏழாம் பக்கத்தில் வந்திருக்கிறது. வெட்டில்லை. ஜனவரியில் பங்கு வெளியிட்ட ஒரு மென்பொருள் கம்பெனியைப் பற்றி நான் சேர்த்திருந்த பத்தியும் அப்படியே இருக்கிறது. இருந்த பங்குகளைப் போலப் பன்னிரண்டு மடங்கு கேட்டிருந்தார்கள். நூறு பங்கு கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் இல்லை. ஆயிரத்து இருநூறு கேட்டவர்களுக்கு நூறு கிடைத்தது. மிச்சப் பணம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. ஒவ்வோர் எண்ணையும் இரண்டு இடங்களில் சரிபார்த்திருந்தேன்.

4-3-2000, சனி

வைத்தீஸ்வரன் அந்தக் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மலைக்கோயில் மடப்பள்ளியில் நான்கு தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். பதினெட்டு வருடமாக, வேலை முடிந்து மலையிறங்கும்போது என் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுத்தான் போவார். ஜனவரியில் நூறு பங்கு கேட்டு ஒன்றும் கிடைக்காதவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பங்கு பிறகு மூன்று மடங்கு விலைக்குப் போயிற்று. அது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த முறை ஆயிரத்து இருநூறு கேட்கப்போகிறாராம். பங்கு நூற்றிருபது ரூபாய். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்துநாலாயிரம்.

"எனக்கு வேண்டியது நூறுதான் சார். நூறு பேர் இலைக்குக் காத்துண்டிருந்தா நூத்திருபது பேருக்கு உலை வெக்கறோமோல்லியோ. அதே கணக்குதான்."

பணம் அவருடையதல்ல. தங்கை அபிராமசுந்தரியுடையது. அவள் கணவர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். போன வருடம் இறந்தார். ஆலையிலிருந்து வந்த ஒரு லட்சத்து அறுபதாயிரம் வங்கியில் இருக்கிறது. அவள் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டை ஜூன் முடிவதற்குள் ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஜூனுக்குத்தானே பணம் வேண்டும், மே மாதமே திரும்பி வந்துவிடுமே என்றார். நூறு பங்கை விற்று வரும் லாபத்தில் பத்திரச் செலவும் முடிந்துவிடுமாம்.

நீங்கள் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டார். எழுதுகிற விஷயத்தில் நான் பணம் போடுவதில்லை என்றேன்.

"சமைச்சவன் சாப்பிடாம எழுந்து போனா, இலையில உக்காந்தவன் சந்தேகப்படுவான் சார்."

சிரித்தோம்.

16-3-2000, வியாழன்

விண்ணப்பப் படிவத்துக்குத் தட்டுப்பாடு. ரயிலடி ஜெராக்ஸ் கடையில் இலவசப் படிவத்தை ஐந்து ரூபாய்க்கு விற்கிறார்கள். ஆர்.கே.பேட்டையில் எட்டு விசைத்தறி வைத்திருக்கும் வேணு வந்து ஆறு படிவம் வாங்கிப் போனான். அவனுக்கு நான் 'நைனா'. அந்தக் கம்பெனி என்ன செய்கிறது தெரியுமா என்று கேட்டேன்.

"ஜனங்க பேசிக்கினே இருக்கறதுக்கு எடம் குடுக்கறான். பேசாத ஜனம் எங்க கீது நைனா?"

கம்பெனிக்காரர்கள் சொன்னதைவிட இது தெளிவாக இருந்தது.

5-4-2000, புதன்

பந்தல் வெளியீடு இன்று தொடங்கியது. பத்தாம் தேதி வரை வாங்குவார்கள். நேற்று அமெரிக்காவிலும் பம்பாயிலும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகள் பலமாக அடிவாங்கின. வைத்தீஸ்வரனிடம் சொன்னேன். இறங்கினால் ஏறும் என்றார். படிவத்தை நாளை மறுநாள் கிருத்திகை அன்று சுவாமி பாதத்தில் வைத்து எடுத்துத்தான் வங்கியில் கொடுப்பாராம். மடப்பள்ளிக்காரர்கள் நான்கைந்து பேருடைய படிவங்களும் சேர்ந்து மேலே போகின்றன.

7-4-2000, வெள்ளி. கிருத்திகை

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை 9.40. ஸ்ரீகுமார் போன் செய்தான். பந்தல் பாதிகூட நிரம்பவில்லையாம். பெரிய கைகள் பின்வாங்கிவிட்டன என்று தரகர் அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். யார் என்று கேட்டேன். பெயர் சொல்லக்கூடாது என்றான். கேட்பவர்கள் குறைந்தால் பங்கைக் குறைத்துக் கொடுக்க மாட்டார்கள். கேட்டவனுக்குக் கேட்டதெல்லாம் தலையில் விழும்.

9.55. வெளியீட்டை நடத்தும் நிறுவனத்துக்கு அழைத்தேன். பேசுவதற்குரியவர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். 10.20, 10.50, 11.15. கூட்டத்திலேயே இருந்தார்.

11.30. வங்கிக்கு எதிரே நின்றேன். வைத்தீஸ்வரன் வரிசையில் ஆறாவது ஆள். படிவத்தின் மேல் மூலையில் குங்குமம். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

சாலையைக் கடக்கவில்லை. ஒருவர் சொன்னது செய்தியல்ல, இரண்டாவது ஆள் சொன்ன பிறகே செய்தி. இருபத்தாறு வருடமாக அப்படித்தான் வேலை செய்கிறேன். ஒரு வதந்தியைச் சொல்லி, அது பொய்யாகி, அவருக்கு இந்த முறையும் கிடைக்காமல் போனால்? அப்படித்தான் யோசித்தேன். இப்போது எழுதிப் பார்த்தால் அது யோசனையாகவே தெரியவில்லை.

பிற்பகல் 2.00. வங்கிக் கவுன்ட்டரை மூடினார்கள்.

4.10. அந்த ஆள் போனில் வந்தார். ஆமாம், பாதிக்கும் குறைவு என்றார்.

ஊர்ஜிதம். நல்லா ஊர்ஜிதம் பண்ணேன் போ. பேப்பர்ல போடறதுக்குத்தானே ரெண்டு ஆள் வேணும்? சினேகிதன்கிட்ட 'ஒரு நாள் பொறுங்க'ன்னு சொல்றதுக்கு எத்தனை ஆள் வேணும்? பத்தாம் தேதி வரைக்கும் நேரம் இருந்துச்சே. வாயில என்ன இருந்துச்சு எனக்கு?

8-4-2000, சனி

வங்கி மேலாளரைப் பார்த்தேன். நேற்று வாங்கிய படிவங்கள் நேற்று மாலையே சென்னைக்குப் போய்விட்டன. பணமும்.

12-4-2000, புதன்

கடைசி நாளில் எப்படியோ நிரப்பிவிட்டார்கள். 1.02 மடங்கு. இதற்கும் குறைவாக, தொண்ணூறு சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், சட்டப்படி எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை.

வைத்தீஸ்வரனுக்கு 1.02 என்றால் என்னவென்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். ஆனாலும் லெட்டர் வரட்டும் என்றார். ஏழாம் தேதி காலையே எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

6-5-2000, சனி

கடிதங்கள் வந்துவிட்டன. முழு ஒதுக்கீடு.

வேணு ஒரு கிலோ லட்டோடு வந்தான். கேட்டதை எல்லாம் தனக்கே கொடுத்துவிட்டார்கள் என்று அவனுக்கு மகிழ்ச்சி. ஒரு லட்டை என் கையில் வைத்தான். எதற்காக முழுவதும் கொடுத்தார்கள் என்று சொன்னேன்.

"அப்ப யாருமே கேக்கலியா நைனா? நாம மட்டும்தானா?"

லட்டுப் பெட்டியை மறுபடி மூடி எடுத்துப் போனான்.

வைத்தீஸ்வரன் கடிதத்தை என்னிடமே கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிச்சப் பணம் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டார். மிச்சம் இல்லை என்றேன். உறைக்குள் இன்னொரு தாள் இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவினார்.

என் மனைவி கௌரியம்மாள் காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிற்று.

24-5-2000, புதன்

பந்தல் இன்று சந்தைக்கு வந்தது. 64இல் தொடங்கி 51.50இல் முடிந்தது. பன்னிரண்டு மணிக்குப் பத்திரிகையின் செய்தி மேசையிலிருந்து அழைத்தார்கள். சிறு முதலீட்டாளர்கள் என்ன சொல்கிறார்கள், நாலு பேரைக் கேட்டு ஐந்து மணிக்குள் வேண்டும்.

வேணு 58க்கு விற்றுவிட்டான். இரண்டு தறிகளை விற்று, பங்குக்காக வாங்கிய கடனை அடைக்கப்போகிறானாம். பெயர் போட வேண்டாம் என்றான்.

வைத்தீஸ்வரனை விற்கச் சொன்னேன். இந்த முறை இரண்டாவது ஆளுக்குக் காத்திருக்கவில்லை. இன்றே விற்றால் அறுபதாயிரமாவது வரும், வீட்டுக்காரரிடம் அதைக் கொடுத்து மிச்சத்துக்குத் தவணை கேட்கலாம் என்றேன். மாட்டேன் என்றுவிட்டார்.

"பாதத்துல வெச்சு எடுத்தது சார். கேட்டது அத்தனையும் வந்திருக்கு. கை நீட்டி வாங்கிண்டதைப் பாதியில தூக்கி எறிஞ்சா, சாதத்தைக் குப்பையில கொட்டின மாதிரி. நான் சமையக்காரன், என்னால முடியாது."

அபிராமசுந்தரியும் அங்கேதான் இருந்தாள். பத்திரிகைக்காக அவளிடமும் கருத்துக் கேட்டேன். என்ன கேள்வி அது! அவள் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் கம்பெனியில என்னதான் பண்றா?" என்று மட்டும் கேட்டாள். ஆட்கள் கூடிப் பேசுவார்கள் என்றேன்.

"அதுக்கா?"

ஐந்து மணிக்குள் எதுவும் அனுப்பவில்லை. ஆட்கள் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய்.

30-6-2000, வெள்ளி

பந்தல் 33.20. வீட்டுக்காரர் ஒரு மாதம் கூடுதலாக அவகாசம் கொடுத்திருக்கிறார். நான் இருபதாயிரம் தருகிறேன் என்றேன். வைத்தீஸ்வரன் வாங்கிக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டார்.

25-7-2000, செவ்வாய்

ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டம் மூன்று லட்சம் என்று போலீஸ் கணக்கு. என் கணக்குப்படி இரண்டு லட்சம் என்று எழுதினேன். மடப்பள்ளியில் வைத்தீஸ்வரன் முப்பது மணி நேரமாக இறங்கவில்லை என்றார்கள். இறங்கி வரவும் பிடிக்கவில்லை போலும்.

31-7-2000, திங்கள்

அபிராமசுந்தரி வீட்டைக் காலி செய்தாள். ஒரு கட்டை வண்டிக்கு அடங்கிய சாமான். அண்ணன் வீட்டுப் பின்னறைக்குப் போயிருக்கிறாள். இன்றோடு அண்ணனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாளாம். மன்னியிடம்தான் பேசுகிறாள்.

13-8-2000, ஞாயிறு

கௌரியம்மாளைப் பார்க்க அபிராமசுந்தரி வந்திருந்தாள். கௌரி கடைக்குப் போயிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். ஏப்ரல் ஏழாம் தேதி, 9.40, 11.30, 4.10. நேரத்தோடு சொன்னேன்.

அண்ணாவிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லாதேங்கோ."

ஏன் என்றேன்.

"ஆத்துல யாரும் அவன் முகத்தைப் பாத்துப் பேசறதில்லை. மடப்பள்ளியிலயும் அப்படித்தான், மத்தவா பணமும் போச்சோல்லியோ. இங்க வந்துதான் காபி குடிக்கறான். சொல்லிட்டா உங்களுக்கு பாரம் எறங்கிடும். அவன் எங்க போவான்?"



14-8-2000, திங்கள்

வைத்தீஸ்வரன் வந்தார். காபி குடித்தார். 24.60 என்று சொன்னேன்.

9-11-2000, வியாழன்

பந்தல் 7.85. உறுப்பினர்கள் இப்போது ஐந்தரை லட்சமாம். ஸ்ரீகுமார் சொன்னான்.

22-1-2001, திங்கள்

அபிராமசுந்தரி சென்னைக்குப் போகிறாள். மாம்பலத்தில் ஒரு டாக்டர் வீட்டில் தங்கிச் சமைக்கிற வேலை. மாதம் இரண்டாயிரம், சாப்பாடு. மடப்பள்ளிக் குடும்பத்துப் பெண் வெளியில் சம்பளத்துக்குச் சமைக்கப் போவது இதுதான் முதல் தடவை என்று வைத்தீஸ்வரன் என்னிடம் இரண்டு முறை சொன்னார். தனியாக ஸ்டேஷனுக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. நானும் போனேன்.

அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு துணிப்பை, ஒரு தூக்கு. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பிளாட்பாரத்தில் நின்றபடி வைத்தீஸ்வரன் என் தோளில் கையை வைத்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் சொன்னது அவள் காதில் விழுவதற்காக.

"இவர் அன்னிக்கே வேண்டாம்னார். பாங்க் வாசல் வரைக்கும் வந்து நின்னார் மனுஷன். நான்தான் கேக்கலை. தப்பு என்மேலதான், வேற யார்மேலயும் இல்லை."

ஒன்பது மாதத்தில் அவர் மனதில் அது அப்படி ஆகியிருக்கிறது.

அபிராமசுந்தரி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தூக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, அண்ணனிடம் பேசினாள். குளிர்கிறது, நிற்க வேண்டாம், ஆத்துக்குப் போ என்றாள்.

நான் திருத்தவில்லை.

6.10 வண்டி நான்கு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.