ஈர நெற்றி

என் வாயாடிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருப்பவளிடம் அதை எப்படிக் கேட்பது? மூச்சு வாங்கும், போனில் பேசவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னைப் பேசாதே என்கிறார், பாவம், ஆள் தெரியாமல். நர்ஸ் அக்கா இதைப் படித்துக்காட்டுகிறேன் என்றார்.

குட்டி என் அக்கா வீட்டிலிருந்து ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். அத்தைக்கு ஜடையே பின்னத் தெரியலை, அம்மா வந்துதான் சரி பண்ணணும் என்று அக்கா முகத்துக்கு நேராகவே சொல்கிறாளாம். உன் வாய் அப்படியே இறங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சளி உனக்கு ஆகாது என்று ஐந்து வயதுப் பிள்ளையை அனுப்பிவிட்டு நாம் இரண்டு பேரும் அழுதோமே, அதை நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆலையில் இஸ்திரி வரிசையில் ஏழு பேர் இருமுகிறோம். உங்கள் உடல்நலமே எங்கள் அக்கறை என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே நின்று நெற்றியில் காய்ச்சல் கருவியை நீட்டுகிறார்கள். சூடு காட்டினால் திருப்பி அனுப்புவார்கள், இரண்டு நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். சூப்பர்வைசர் மட்டும் ஒரு தும்மலுக்கு மூன்று நாள் வீட்டில் இருப்பார். அதனால் நாங்கள் எல்லோரும் வெளியே குழாயடியில் நெற்றியை நன்றாக நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் வரிசையில் நிற்போம். கருவி ஏமாந்துவிடும். நீ பட்டன் மேசை வேலையை விட்டு நின்ற பிறகு ஆரம்பித்த வித்தை இது. உனக்குத் தெரியாது.

நர்ஸ் அக்கா, இங்கே நிறுத்திவிட்டுக் காகிதத்தை அவள் கையில் கொடுங்கள்.

நான் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் இருந்தது. ஆலை இருமல் உனக்கு ஒட்டக்கூடாது என்று இருபது நாள் நண்பன் அறையில் படுத்துவிட்டு வந்தவன். தெருக் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டுத்தான் கதவைத் தட்டினேன். நீ வழக்கம்போலப் புறங்கையை என் நெற்றியில் வைத்தாய். ஜில்லுன்னு இருக்கு, உள்ள வா என்றாய். கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாய்.

எனக்கு நாலு நாள் சளி. உனக்கு நிமோனியா. புற்றுநோய் மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பு, அதில் சாதாரணச் சளிக் கிருமியே நுரையீரலுக்கு இறங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். நுரையீரல் தெளிகிறவரை மருந்தையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அந்த இடைவெளியைத்தான் நினைத்தால் பயமாக இருக்கிறது. யார் மேலும் தப்பில்லை, யாரிடமிருந்தும் வரலாம் என்றார். அவருக்குக் குழாயடி தெரியாது.

ஆலைக்காரர்கள் மேல் ஆத்திரம் பொங்குகிறது. எல்லாப் பழியையும் அங்கேயே இறக்கி வைத்துவிடலாம் என்றுகூடப் பார்க்கிறேன். ஆனால் நம் வீட்டு வாசலில் எந்தச் சூப்பர்வைசரும் நிற்கவில்லை. உன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் நின்றது.

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மறுபடியும் காய்ச்சல், வரிசையில் யாரிடமோ ஒட்டிக்கொண்டது. பத்து நிமிஷம் பார்க்கலாம் என்றார்கள். வாசலில் அதே கருவி, பக்கத்திலேயே குழாய். முகத்தை நனைத்தும்விட்டேன். பத்து நிமிஷம்தானே, முகமூடி போட்டிருக்கிறேனே என்று தோன்றியது. பிறகு சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, உன் ஸ்வெட்டரைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்றாம் மாடியில் பதினாறு ஜன்னல். எது உன்னுடையது என்று தெரியாமல் பதினாறையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் அக்காவிடம் சொல்லி ஒரு துணியைக் கம்பியில் கட்டச் சொல்.

இன்று வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் விடும்வரை போகமாட்டேன். பெயரை அடித்துக்கொள்ளட்டும்.

நீ வீட்டுக்கு வருகிற நாளில் நான் வாசலுக்கு வெளியே நிற்பேன், முகம் கழுவாமல். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உன் கையை நெற்றியில் வைத்துப் பார். உள்ளே வா என்பதும் அங்கேயே நில் என்பதும் உன் விருப்பம். அதைச் சொல்வதற்காவது வந்துவிடு.

வெளியே நிற்கும்
உன் இஸ்திரிக்காரன்