சந்து முனையில் யார் முதலில் போவது

கோயமுத்தூர்,
நவம்பர் 9.

அன்பு மகள் ஆஃப்ரினுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரை எடுத்தேன், இதை யாரும் நடுவில் நிறுத்த முடியாது. உன் தம்பி ரைஹான் தாராபுரத்தில் வேலையில் சேர்ந்துவிட்டான், சனிக்கிழமை தவறாமல் அழுக்குத்துணி மூட்டையோடு வந்து சேருகிறான்.

மழைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று பயந்து கேட்டாயே, அதை விவரமாக எழுதுகிறேன். போன வருஷம் வாய்க்கால் உடைந்து நம் சந்துக்குள் தண்ணீர் வந்தபோது நடந்த ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். எதிர்வீட்டு மாரியாத்தாள் அக்கா இடுப்பெலும்பு முறிந்து எழுந்து நடக்க முடியாமல் இருக்கிறார் அல்லவா, அவர் வீட்டுக்காரர் ராசப்பண்ணன் அன்றைக்கு அன்னூர் குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தார். அக்காவை நாங்கள் தூக்கியிருப்போம் என்று பக்கத்து வீட்டாரும், அவர்கள் தூக்கியிருப்பார்கள் என்று நாங்களும் நினைத்துக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். ஒரு மணி நேரம் கழித்து உன் அத்தா ஓடிப்போய்ப் பார்த்தால் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டு நிற்கிறது. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, வந்துட்டீங்களா என்று மட்டும் கேட்டாராம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை கண்ணு.

இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே தீயணைப்பு நிலையத்தில் இருந்து, வெள்ளம் வந்தால் வெளியேறுவதற்கு ஒத்திகை நடத்த வருகிறோம் என்றார்கள். உன் அத்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நோட்டீஸ் அடித்து ஒட்டினார், வாட்ஸப்பில் மூன்று தடவை போட்டார். வந்தது நாலே பேர், அதில் இரண்டு பேர் நாங்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தவரிடம், ஏனுங்க, ஊடு தேடி வந்து கூப்பிடாத விசேசத்துக்கு நம்மூர்ல எவுங்க வருவாங்க என்று கேட்டேன். மறுநாளே நானும் முக்குப் பேக்கரி சண்முகப்ரியாவும் தட்டில் வெற்றிலை பாக்கு கற்கண்டு வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு வீடும் ஏறி, குடும்பத்தோட வந்துபோடுங்க என்று அழைத்தோம். என் முழங்கால் போனது அதில்தான். அடுத்த ஞாயிறு ஒரு வீடு பாக்கியில்லை. கடைசி வீட்டுப் பெரியவர் ஐயாசாமி சலவை வேட்டியில் வந்தார், அவர் சம்சாரம் ராசாத்தாள் பட்டுச்சேலை கட்டி வந்து, சாப்பாடு எங்கீங்க என்று கேட்டார்.

கூத்து அதற்கப்புறம்தான். அத்தா விசில் ஊதியதும் எல்லோரும் சந்து முனைக்கு வந்தார்கள், வந்து நின்றுவிட்டார்கள். ஒரு பைக் நுழையும் அகலம்தானே அது. நீங்க முன்னாடி போங்க என்கிறார் ஐயாசாமி, பெரியவங்க நீங்க போங்க என்கிறார் அத்தா, இல்லீங்க பொம்பளைங்க போகட்டுங்க என்கிறார் இன்னொருவர். ஒருவரும் நகரவில்லை. தீயணைப்புக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, தண்ணி இந்நேரம் உங்க கழுத்துக்கு வந்துருச்சுங்க என்றார், அவரும் மரியாதையாகத்தான். எனக்கு வந்த கோபத்தில், மொதல்ல மாரியாத்தாக்கா, அவங்க போகாம ஒருத்தரும் போகக் கூடாதுங்க என்று கத்திவிட்டேன். நானெதுக்குங்க மொதல்ல என்று வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா கூச்சப்பட்டார், ஆனால் சந்தே ஒதுங்கி வழிவிட்டது. ரைஹானும் சண்முகப்ரியா வீட்டுக்காரர் தமிழ்ச்செல்வனும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக, பின்னாலேயே வீட்டு வரிசைப்படி எல்லோரும் போனோம். அன்றிலிருந்து அதுதான் சட்டம்.

போன செவ்வாய் மத்தியானம் நிஜமாகவே வாய்க்கால் ஏறிவிட்டது. ராசப்பண்ணன் அன்றும் அன்னூரில். ரைஹானும் ஊரில் இல்லை, அக்காவின் நாற்காலியில் அவன் பிடிக்க வேண்டிய காலை ஐயாசாமி அந்த வயதிலும் பிடித்துக்கொண்டார். பதினோரு நிமிஷத்தில் நாற்பத்திரண்டு வீடும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. நம் பிரிட்ஜ் போய்விட்டது, போகட்டும். நனைந்துகொண்டு ஓடிவந்த ராசப்பண்ணன், அக்கா வராண்டாவில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தொட்டுச் சாப்பிடுவதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

அன்றிலிருந்து உன் நினைப்புதான் அம்மணி. பதினான்காவது மாடியில் நீ ஒருத்தி. பக்கத்து வீட்டில் யார் என்று கேட்டால், தெரியாதும்மா என்கிறாய். தீயோ பனிப்புயலோ வந்தால் உன் கதவைத் தட்ட, நீ உள்ளே இருக்கிறாய் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை கேசரி கிளறி எடுத்துக்கொண்டு போய்ப் பார், கூச்சப்படாதே. லிப்டு இல்லாமல் இறங்கும் படிக்கட்டு எங்கே என்றும் கேட்டுக்கொள். இங்கே இருப்பவர்களைப் பற்றிக் கவலைப்படாதே, இனி எங்களுக்கு ஆள் இருக்கிறது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல துணையும் தருவானாக. மறக்காமல் பக்கத்து வீட்டார் பெயரை எனக்கு எழுது, அந்தப் பெயரையும் சொல்லி துஆ செய்ய வேண்டும்.

உன் அம்மா,
ஹபீபுன்னிசா