ஊதியது யார் என்று யாரும் கேட்கவில்லை

ஐப்பசி 4, புதன்

காலையிலிருந்து தூறல். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தவர்கள் பாதியில் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கண்ணாடி ஊதும் நம் பட்டறைக்கு மழையால் தொல்லையில்லை, கூரைச் சொட்டு சூடான கண்ணாடி மேல் விழாதவரைக்கும். போன வாரம் விழுந்தது. டப். ஒரு லேப் பிளாஸ்க் போச்சு.

இன்று செய்தது: பிப்பெட் ஒரு கட்டு, புனல் கொஞ்சம், ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சர் இரண்டு. அண்ணன் உருட்டினார், நான் ஊதினேன். அண்ணனுக்கு மூச்சிழுப்பு வந்ததிலிருந்து இப்படித்தான். இரண்டு கையாலும் குழாயைத் தீயில் திருப்பிக்கொண்டே புருவத்தைத் தூக்குவார். ரப்பர் குழாயின் மறுமுனை என் வாயில் இருக்கும். மூச்சு கொடுப்பேன். துருத்தி மிதிப்பதும் என் கால்தான்.

அண்ணி அடுப்படியிலிருந்து: "தனம், ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வராங்கோ. அனலாண்ட குந்தாத, மூஞ்சி கருத்துடும்." அப்போது கண்டென்சரை யார் ஊதுவது என்று கேட்க வாய் வந்தது. துருத்தியை ஓங்கி மிதித்தேன்.

வருகிறவர் வாலாஜாபாத்காரர். இங்கே காலேஜ் லேப்பில் வேலை. நம் பட்டறைச் சாமான் போவதும் அங்கேதான். பெயர் தெரியும், எழுதத்தான் ஒரு மாதிரி இருக்கிறது. வா. என்று போட்டுக்கொள்கிறேன்.

ஐப்பசி 6, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. செய்ய வேண்டியவை: ஜாக்கெட் கை பிரித்துத் தைக்கணும் (பக்கத்து வீட்டம்மாவிடம்). தலைக்கு சீயக்காய். ரவை. உமிச் சாம்பல் தீர்ந்துவிட்டது, சூடான சாமானைப் புதைத்து ஆறவைக்க வேறு வழியில்லை, அரிசி மில்லில் சொல்லணும்.

மேல் உதட்டில் பழைய சூட்டுத் தழும்பு. பவுடர் அதில் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது.

வாலாஜாபாத் என்ன தூரமா, பஸ் ஏறினால் வந்துவிடும். ஆனால் கட்டிக்கொடுத்த பெண் தினம் பிறந்த வீட்டுக்கு வந்து பட்டறையில் உட்கார்ந்தால் யார் விடுவார்கள். கல்யாணம் என்றால் தீ முடிந்தது என்று அர்த்தம். எழுதிப் பார்த்ததும் நோட்டை மூடி, மறுபடி திறந்தேன்.

எனக்குக் கல்யாணம் வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியவில்லை.

ஐப்பசி 8, ஞாயிறு

வந்தார்கள். வா., அவர் அம்மா, தரகர். வா.வுக்கு டெரிகாட்டன் சட்டை, பாக்கெட்டில் பேனா. கையில் அமிலம் பட்ட மஞ்சள் கறை. அதைப் பார்த்ததும் கொஞ்சம் பிடித்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது.

அவர் அம்மா: "பொண்ணுக்கு இன்னா தெரியும்?"

அண்ணன்: "சமையல், தையல், எல்லாம் தெரியும்மா."

தையலாம். நான் பொத்தான் வைத்தால் சட்டையோடு சேர்த்து விரலையும் தைப்பேன்.

அப்புறம் வா. அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "உங்க கண்டென்சர் ஒண்ணு கூட மூட்டுல விரிசல் விடறதில்லைங்க. மெட்ராஸ் சரக்கு விட்டுடுது. எங்க புரொபசரே சொல்லிக்கினு இருப்பாரு, ஊதற அந்த ஆள் மூச்சு ஒரே சீரா வருதுன்னு."

ஆள். மூச்சு. என் மூச்சு. கேசரித் தட்டோடு நான் நடுக்கூடத்தில் நிற்கிறேன். அண்ணன் "சாமி புண்ணியம்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

அவர்கள் போனதும், ஊதுவது நான் என்று ஏன் சொல்லவில்லை என்று அண்ணனைக் கேட்டேன். "சொன்னா இன்னா ஆகும் தெரியுமா? நெருப்பாண்ட குந்தி ஆம்பள மாதிரி குழாய் ஊதற பொண்ணுன்னு பேராயிடும். உன் நல்லதுக்குத்தாம்மா," என்றார். நல்லதுக்குத்தான். அவர் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. அண்ணன் மேலா, புரொபசர் மேலா, வாயை மூடிக்கொண்டு நின்ற என் மேலா.

அவர்களுக்குச் சம்மதமாம். நம் பதிலை இருபதாம் தேதிக்குள் சொல்லணும். கார்த்திகையில் முடித்தால் உண்டு, மார்கழி வந்துவிட்டால் தைக்குத் தள்ளிப்போகும்.

ஐப்பசி 10, செவ்வாய்

மழை. பர்னருக்கு ஆவி கொடுக்கும் பெட்ரோல் டின்னில் தண்ணீர் இறங்கிவிட்டது போல, தீ இருமுகிறது. அண்ணனும்.

உடைசல் கூடையில் மூன்று நான்கு குமிழ்கள். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, கோணல்மாணலாக. நான் ஊதியதல்ல. நான் பள்ளிக்கூட வயதில்கூட இப்படி ஊதியதில்லை. அப்படியானால் அண்ணன். இழுப்பை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக ஊதிப் பார்க்கிறார். நான் போய்விட்டால் தானே சமாளிக்கலாம் என்று. மார்பு தாங்குமா? பாவமாக இருந்தது. போகக்கூடாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் நிம்மதி வரும் என்று பார்த்தால் வரவில்லை.

ஐப்பசி 11, புதன்

காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். கூட்டம், பாதியில் திரும்பிவிட்டேன். பட்டறையில் துருத்திச் சத்தம். கதவிடுக்கில் பார்த்தால் அண்ணன் உருட்டுகிறார், ஊதுவது அண்ணி. கன்னம் இரண்டும் ஆப்பம் மாதிரி உப்பி, கண்ணில் தண்ணீர்.

அண்ணன்: "மெதுவா... வாயால ஊதாத, நெஞ்சுல இருந்து வுடு. தனம் போனப்புறம் நீதானே."

போனப்புறம்.

சத்தம் போடாமல் திரும்பவும் தெருக்கோடி வரை போய், கொஞ்சம் நின்று, செருப்புச் சத்தத்தோடு வந்தேன். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. நேற்று போகக்கூடாது என்று முடிவு செய்தவளுக்கு இன்று இருக்கவே இடமில்லை.

ஐப்பசி 12, வியாழன்

அண்ணியிடமே கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு அழுதாள்.

"உங்கண்ணனுக்கு மூச்சு வேணும்னு உன்னைக் கட்டிக்குடுக்காம புடிச்சி வெச்சிருக்கோம்னு தெரு பூரா பேசிக்கினு இருக்குது தனம். நீ போவணும்னுதான் நான் கத்துக்கறேன். என் உதட்டைப் பாரு."

அவள் உதட்டிலும் ஒரு கொப்புளம். மஞ்சள் வைத்துவிட்டேன்.

என்னைத் துரத்துகிறார்களா, கட்டு அவிழ்த்து விடுகிறார்களா? இரண்டுக்கும் வாசல் ஒன்றாகத்தான் இருக்கிறது. அண்ணியைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. அவள் ஊதிய குமிழை எடுத்துத் தரையில் போடவும் தோன்றியது. நேற்றையது நன்றாக உருண்டை வந்திருக்கிறது. அதுதான் கஷ்டம்.

ஐப்பசி 14, சனி

அண்ணன் கண்ணாடிக் குழாய் வாங்க மெட்ராஸ் போயிருக்கிறார். அண்ணி மண்ணெண்ணெய் வரிசையில். வாசலில் சைக்கிள் மணி. இறங்கியவர் வா.

கையில் காகிதம் சுற்றிய கண்டென்சர், தண்ணீர் போகும் பக்கக் குழாய் முறிந்து. "அண்ணன் இல்லீங்களா? திங்கக்கிழமை பிராக்டிகல் இருக்குது."

இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். "குடுங்க" என்றேன்.

தெருக்கதவு நன்றாகத் திறந்தே இருந்தது, எதிர்வீட்டுத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் உள் ஈரத்தைக் காயவைத்தேன், ஈரம் இருந்தால் வெடிக்கும். துருத்தி மிதித்தேன். அவர் மூலையில் நின்று பார்த்தார்.

முறிந்த இடம் இளகியதும் ஊதணும். ரப்பர் குழாயை நானே வாயில் வைத்திருக்கலாம், தனியாகச் செய்து பழக்கம் உண்டு. வைத்து ஒரு மூச்சு கொடுத்தும் பார்த்தேன். பிறகு என்ன தோன்றியதோ, எடுத்து அவரிடம் நீட்டினேன். "ஊதுங்க."

என் எச்சில் பட்ட முனை. கொடுத்த பிறகுதான் உறைத்தது. அவர் சட்டை நுனியால் துடைத்துவிட்டு வாயில் வைத்தார்.

விறகடுப்பு ஊதுகிற மாதிரி ஊதிவிட்டார். கண்ணாடி எலுமிச்சை அளவுக்கு உப்பி, வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து, பட்டென்று போனது. கண்ணாடிச் சிலும்பு பறந்து அவர் தலைமுடியில் ஒட்டியது. சிரித்துவிட்டேன். அவரும். "அப்போ அந்த மூச்சு..." என்றார், முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கவில்லை.

ஓட்டையை அடைத்துப் புதுக் குழாய் ஒட்டி, நானே ஊதி முடித்தேன். "இன்னொரு தரம் குடுங்க, பாக்கறேன்" என்று உடைசல் ஒன்றில் ஊதிப் பார்த்தார். இந்தத் தரம் துடைக்கவில்லை. மறந்துவிட்டாரா?

கண்டென்சர் சாம்பலில் இருக்கிறது, நாளை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். போகும்போது சொன்னார்: "பாவம், எவ்ளோ நாளா இந்த அனல்ல கஷ்டப்படறீங்க. நம்ம வூட்டுல உங்களுக்கு இந்தக் கஷ்டமே இருக்காது."

அன்பாகத்தான் சொன்னார். நம்ம வீடு என்றது இனித்தது. கஷ்டம் என்றது உறுத்தியது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்ததால் எதற்குத் தலையாட்டினேன் என்று தெரியவில்லை. ஆட்டியது மட்டும் நிச்சயம்.

ஐப்பசி 15, ஞாயிறு

வா. வரவில்லை. காலேஜ் பியூன் வந்து எடுத்துப் போனான். மூட்டு நன்றாக இருந்தது.

ரசத்தில் உப்புப் போட மறந்தேன்.

ஐப்பசி 18, புதன்

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "இன்னாம்மா சொல்றே? தரகருக்குப் பதில் சொல்லணும்."

நாலு நாளாக மனசுக்குள் சரி, வேண்டாம், சரி, வேண்டாம் என்று ஓடிக்கொண்டிருந்தது. வாய் திறந்தால் வந்தது வேறு.

"சீர்ல எனக்கு ஒரு பர்னர் வேணும்ணா. துருத்தியும் மேஜையும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கட்டில் பீரோ கேப்பாங்கடி. சீர்வரிசைல துருத்தி போனா ஊர் வாயை மூட முடியுமா?"

"அங்க யாரு அதைக் கேட்டாங்க?" என்றார் அண்ணன்.

"நான் கேக்கறேன். கண்டென்சர் ஊதினது யாருன்னும் அவங்கம்மாகிட்ட சொல்லணும். தையல் தெரியாதுன்னும் சொல்லணும்."

அண்ணன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கே நான் சொன்னது புதிதாக இருந்தது. கல்யாணத்தைக் கெடுக்கத்தான் இப்படிக் கேட்டேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கடைசியில், "அப்பா இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாரோ" என்றார். சரி என்றா வேண்டாம் என்றா, அவருக்கே தெரியாது.

ஐப்பசி 20, வெள்ளி

அடைமழை. தரகர் குடையோடு வந்தார். அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். நான் சொன்னபடியே, தையல் உட்பட. தரகர் காபியைக் கீழே வைத்துவிட்டு, "முப்பது வருஷமா ஜாதகம் தூக்கறேன், துருத்தி தூக்கினதில்லை" என்றார். போனார்.

மதியம் ஒரு பிளாஸ்க் ஊதினேன். கோணல். உடைசல் கூடையில் போட்டேன். அண்ணி அதைப் பார்த்தாள்.

ஐப்பசி 22, ஞாயிறு

மழை விட்டது. தெருவில் மறுபடி பாவு. தரகர் வந்தார்.

வா.வின் அம்மாவிடம் சொன்னாராம். அந்தம்மா கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்களாம். பிறகு, "அதை எங்க வெக்கறது? கூடத்துலயா?" என்றார்களாம்.

அண்ணன்: "பையன்?"

"பையனுங்களா? எழுந்து போயி பின்கட்டைப் பாத்துட்டு வந்தாரு. வந்து குந்திக்கினாரு. அவ்ளோதான்."

இது சம்மதமா மறுப்பா? அண்ணன் மறுப்பு என்கிறார். அண்ணி சம்மதம் என்கிறாள். எங்கே வைப்பது என்றுதான் கேட்டிருக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

பட்டறைக்குப் போய் மேஜையை அளந்தேன். என் கையால் மூன்று முழம். வாசலுக்கு வந்து, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த தரகரிடம் நானே சொன்னேன்: "மூணு முழம் இடம் இருந்தா வரேன்னு சொல்லுங்க. இல்லாட்டி வேணாம்."

தரகர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சரி என்று தலையசைத்தார்.

சொல்லிவிட்டு உள்ளே வந்து மேஜையை மறுபடி அளந்தேன். அந்தப் பின்கட்டில் இடம் இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.