ஆயர் இல்லத்தில் நீங்கள் கேட்ட கேள்வி

அன்புள்ள அக்கா,

இன்று காலை பேருந்து கந்தர்வக்கோட்டையில் நின்றபோது, முந்திரி வறுக்கும் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கண் எரிந்தது. கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துப்போன உங்கள் விரல்கள் நினைவுக்கு வந்தன. புதுக்கோட்டை நீதிமன்றத்துக்குச் சாட்சி சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் இருந்திருந்தால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

மாதா கோவிலுக்கு எதிரே இருக்கும் என் தையல் கடைக்கு, மகளின் சீருடைக்காகத்தான் முதலில் வந்தீர்கள். பங்கு விடுதியில் தங்கிப் படித்தாள். ஒரு விடுமுறை முடிந்ததும் அவள் திரும்பிப் போக மாட்டேன் என்றாள். பங்குத்தந்தை தன்னைத் தனியே அழைத்து என்ன செய்தார் என்பதையும் உங்களிடம் சொன்னாள். மறுநாள் நீங்கள் கடைக்கு வந்தபோது முகத்தில் அழுத தடம் இல்லை.

"செலினு, அந்தச் சாமியாருக்கு மேல யாரு இருக்கா?"

"ஆயர், பிஷப்பு" என்றேன்.

"நீங்க வேதக்காரங்க, நாங்க இல்ல. நீ கூட வந்தா உள்ள விடுவாங்க. வாரியா?"

ஆயர் இல்லத்தில் நான் பழக்கத்தில் முழந்தாளிட்டு, "ஆண்டவரே" என்று மோதிரத்தை முத்தமிட்டேன். நீங்கள் நின்றபடியே "ஐயா" என்று கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினீர்கள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். காபி கொண்டுவரச் சொன்னார்.

"எனக்கும் வேதனையா இருக்கும்மா. இவரு மேல போன பங்குலயும் ஒரு புகார் வந்துச்சு. கண்டிச்சுத்தான் இங்க அனுப்பினோம். இப்ப வேற ஊருக்கு மாத்திடுறேன். வெளியில பேசாதீங்க. புள்ளையோட வாழ்க்கையையும் பாக்கணும்ல?"

நீங்கள் காபியைத் தொடவில்லை. "மாத்துற ஊர்ல புள்ளைங்க இல்லையா ஐயா?" என்று மட்டும் கேட்டீர்கள். அவர் ஜெபிப்பதாகச் சொன்னார். அங்கிருந்து நேரே மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம்.

அவர்கள் சாமியார் பெயரை மட்டும்தான் எழுதினார்கள். தெரிந்தும் மறைத்தவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி நீங்கள் நடையாய் நடந்தீர்கள். பங்குப் பேரவையில் ஒருவர், "நம்ம சபை விஷயத்துல இந்தப் பொம்பளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். அதில் உறுப்பினராக இருந்த என்னையும் நீக்கினார்கள். உங்கள் சொந்தக்காரர்களோ, நாளைக்கு உங்கள் மகளை யார் கட்டிக்கொள்வார்கள் என்று தடுத்தார்கள். "ஒளிஞ்சுக்கிற மாதிரி எம்மக ஒண்ணும் பண்ணல" என்று அவர்களுக்குப் பதில் சொன்னீர்கள்.

சாமியாருக்குத் தண்டனை கிடைத்தது. ஆயரையும் விசாரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது நீங்கள் மருத்துவமனையில் படுத்திருந்தீர்கள். மஞ்சள் காமாலை கண் வரை ஏறியிருந்தது. "சின்னச் சாமியார உள்ள போட்டதோட முடிச்சிடப் பாப்பாங்க. நீ விட்டுடாத" என்றீர்கள். போன ஐப்பசியில் உங்களைப் புதைத்துவிட்டு வந்தோம்.

இன்று அங்கியில்லாமல், வெள்ளைச் சட்டையில், குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் இடத்தில் ஆயர் நின்றார். அவரைப் பார்த்ததும் என் முழங்கால் தானாக மடங்கப் பார்த்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அவருடைய வக்கீல் கேட்டார்: "நீங்க ஞானஸ்நானம் வாங்கினவங்கதானே? ஒங்க ஆயர் மேல ஏன் இந்த வன்மம்?"

"வன்மம் இல்லீங்க. அவரு சொன்னத என் காதால கேட்டேன். மொதப் புகார் வந்தப்பவே போலீசுக்குச் சொல்லியிருந்தா, இந்தப் புள்ளைக்கு இது நடந்திருக்காது."

நீதிபதி அதை அப்படியே பதியச் சொன்னார். தீர்ப்புக்கு இன்னும் காலம் ஆகும். என்ன வருமோ தெரியாது. ஆனால் அந்த அறையில் அவர் முன்னால், சத்தமாக, அது சொல்லப்பட்டுவிட்டது.

உங்கள் மகள் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தாள். வெளியே வந்ததும், "சாப்பிட்டுப் போவோம் சித்தி" என்று கையைப் பிடித்தாள். அப்போது ஒரு பெண் தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தார். அந்தச் சாமியார் முன்பு இருந்த பங்கைச் சேர்ந்தவர். முதல் புகாரைச் சொன்னவர் அவர்தானாம்.

"மன்னிச்சிடுங்கன்னு ஆயரே வீட்டுக்கு வந்து கேட்டாரு. நாங்களும் வாய மூடிக்கிட்டோம். எம்மகன் இன்னும் சரியாத் தூங்குறதில்ல. இப்பச் சொன்னா எடுத்துக்குவாங்களா?"

நான் வாயைத் திறக்கும் முன்பே உங்கள் மகள், "எடுத்துக்க வைப்போம், வாங்க" என்று ஆட்டோவை நிறுத்தினாள்.

காவல் நிலையத்தில், பழைய விஷயம், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். உங்களோடு அலைந்த காலத்தில் நான் கற்றது பெரிதாக ஒன்றுமில்லை அக்கா. நாளைக்கு வா என்றால் எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான். மூன்று பேரும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பொழுது சாயும்போது அந்த அம்மாவைக் கூப்பிட்டு எழுத ஆரம்பித்தார்கள். முதல் வரியிலேயே ஆயரின் பெயரைச் சொன்னார்.

உங்கள்
செலின்