கொண்டைக்காரி முட்டையிட்ட இடம்

என்னங்க, நர்ஸ் உடனே வரச் சொல்லிவிட்டாள், ஓடுகிறேன். அடுப்பை அணைத்திருக்கிறேன். கோழி முற்றல், நீங்கள் வந்ததும் இன்னும் அரை மணி வேகவிட்டு, சூப்பை பிளாஸ்கில் ஊற்றி ஆஸ்பத்திரிக்கு எடுத்து வாருங்கள். மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்காத நம் மகள் காலையில், “நம்ம வீட்டு சூப் வேணும்மா” என்றாள். தோட்டத்துக் கேரட்டும் பீன்ஸும் போட்டிருக்கிறேன்.

கோழி, கொண்டைக்காரிதான். “முட்டை போடாததுக்குத் தீனி எதுக்கு?” என்று நீங்கள் கேட்டதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத நானே அறுத்தேன். மகளிடம் மூச்சு விடாதீர்கள்.

பி.கு.: அறுத்த பிறகுதான் கேரட் பிடுங்கப் போனேன். பூசணிக்கொடிக்கு அடியில் பதினோரு முட்டை. ஒன்றில் இன்னும் சூடு ஆறவில்லை.

ஒரு வாயாவது குடிச்சிடணுங்க அவ.