பெயிண்டுக்கு அடியில் இருந்த எண்

திண்டிவனம், 1947

மேரி,

நீ பூசை முடிந்து வருவதற்குள் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றும் லாரி வந்துவிட்டது. மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பதிவுக்காக விழுப்புரம் போகிறேன். உன் பங்குக் கேப்பைக் கூழ் மூடியிருக்கிறது.

பட்டாள ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயிண்ட் அடித்துப் புதிதாக்கிய அன்று நீ கேட்டாய்: "வண்டியில வெட்டியிருக்கிற நம்பரையும் சேத்து மொழுகிட்டீங்களே, இன்ஸ்பெக்டரு எத்தைப் பாத்துப் பதிவாரு?"

நான் நாவலிலிருந்து தலையைத் தூக்காமல், "வண்டி ஓடுறதப் பாப்பாரு" என்றேன். அதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

இன்று ஏற்றும்போது பார்த்தேன். கறுப்புப் பெயிண்ட் சுரண்டப்பட்டு, எண் முழுவதும் தெரிகிறது. கீழே உன் கொண்டை ஊசி வளைந்து கிடந்தது. "நம்பரு தெரியலன்னா திருப்பி அனுப்பிருப்பாங்க தம்பி" என்கிறார் லாரிக்காரர்.

ருஷ்ய நாவல்களில் எத்தனையோ காதல் கடிதங்கள் படித்திருக்கிறேன். எனக்கென்று வந்தது இந்த எண்தான். நன்றி, மேரி.

பதிவாகிவிட்டால் ஓட்டிக்கொண்டே வருவேன். சத்தம் கேட்டதும் வாசலுக்கு வா, வானூரில் உன் அம்மாவைப் பார்த்து வரலாம். சத்தமில்லாமல் வந்தால், ஒன்றும் கேட்காமல் சோறு போடு.

சூசை

ஊசியை நிமிர்த்திப் பார்த்தேன், முடியவில்லை. புதியது வாங்கி வருகிறேன். இது என் சட்டைப் பையில் இருக்கிறது. திருப்பித் தர மாட்டேன்.