குறுக்கே கிடந்த பெல்ட்டுகள்

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல், தலைவலி என்று எதுவும் இல்லை, நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. இன்றும் காலையில் பழக்கத்தில் அவருக்குச் சாப்பாடு கட்டிவிட்டேன், அவரும் அதை அடுப்படியில் நின்றபடியே பிரித்துச் சாப்பிட்டார், நான் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன், அவ்வளவுதான்.

எந்தக் கண்டத்து விமானக் கம்பெனி ஓர் ஆளைக் கொண்டுபோக எவ்வளவு எண்ணெய் எரிக்கிறது, எவ்வளவு புகை விடுகிறது என்று உங்கள் ஆபீசில் பட்டியல் போடுகிறீர்களே, அதில் அப்பா விமானம் சுத்தம் செய்யும் நம் கம்பெனி புது விமானங்களை வைத்திருப்பதால் மேலே நிற்கிறது, ஆனால் ஆள் நிறைந்து பறக்கிறதா என்று தெரியவில்லை என்று நீ போனில் சொன்னாய். அப்பா உடனே, “அது கூட்டிப் பெருக்குற எங்களுக்குத் தெரியும்மா” என்றார். சுத்தம் செய்து முடித்ததும் ஒவ்வொரு சீட்டிலும் பெல்ட்டைக் குறுக்கே போட்டு வைப்பார்கள். ஆள் உட்காராத சீட்டில் அது போட்டபடியே கிடக்கும். மூன்று மாதம் அதை எண்ணி எண்ணிச் சொன்னார், பத்து சீட்டுக்கு நாலு காலி. வேறு கண்டத்துப் பழைய விமானங்கள் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு நம்மை முந்திவிட்டன என்றாய். எனக்கு அது பஸ் கணக்காகத்தான் புரிந்தது. ஓட்டை பஸ்ஸில் அறுபது பேர் நெருக்கியடித்துப் போகிறார்கள், புது பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் காற்று வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

நீ செய்த பிசகு ஒன்றுதான், அச்சுக்குப் போகும் முன் கம்பெனிக்கு அனுப்பிய பிரதியில், எப்படி எண்ணியது என்பதையும் எழுதிவிட்டாய். பெல்ட் என்று படித்த பிறகு, மகள் அந்த ஆபீசில் இருக்கிறவரை விட்டு அவர்கள் வேறு யாரைத் தேடுவார்கள். சூப்பர்வைசர் கெட்டவரில்லை, குனிந்த தலை நிமிராமல்தான் பேசினாராம், “அண்ணே, எண்ணினது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டு திங்கக்கிழமை வந்துருங்க” என்று. அன்றைக்கே நீயும் போன் செய்து, அப்பா எண்ணிய கணக்கு மொத்தத்தையும் எடுத்துவிடுகிறேன் என்று அழுதாய். அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் செருப்பைத் துடைத்தார், துடைத்த செருப்பையே மறுபடியும் துடைத்தார்.

மறுநாள் அவரோடு வேலை செய்யும் அக்கா பார்க்க வந்தாள், வேறு ஊர் விமான நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். பேச்சோடு பேச்சாக, “எங்க ஊர்ல முன்னாடி பத்து வரிசைக்குத்தான் பெல்ட்டைக் குறுக்கே போடுவோம், பின்னாடி யாருண்ணே பாக்கறது?” என்றாள். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அந்த ஊர் விமானம் வருவது வியாழக்கிழமைகளில்தான். அன்றைக்கெல்லாம் பின்னால் பெல்ட் குறுக்கே கிடக்காததைப் பார்த்து, பின்வரிசை முழுக்க ஆள் இருந்ததாக எண்ணியிருக்கிறார். வேலை போகும் என்றபோது வராத வேர்வை அப்போது வந்தது.

திங்கட்கிழமை போய் எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை எண்ணியது தப்பு, அன்று இன்னும் காலியாகத்தான் இருந்திருக்கும், மற்ற ஆறு நாளும் எண்ணியது சரி. சூப்பர்வைசர் இரண்டு தடவை படித்துவிட்டு, “நான் கேட்ட தப்பு வேற, நீங்க குடுத்த தப்பு வேறண்ணே” என்று சிரித்தாராம். பிறகு அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாராம்.

உன்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நானும் திட்டவில்லை, எனக்கு எதுவுமே தோன்றவில்லை. உன் தங்கை தையல் கடைக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள், இதை எழுத மாட்டேன் என்று வெட்கப்பட்டாள், நான்தான் எழுதச் சொன்னேன். நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே, இதையே நினைத்துக்கொண்டு பட்டினி கிடக்காதே. நல்லபடியாக இரு, எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும்.

அப்பா உன்னிடம் சொல்லச் சொன்னது இது ஒன்றுதான். வியாழக்கிழமையை மட்டும் அடித்துவிடு. மற்ற ஆறு நாளில் கை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா